திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள்

முற்றத்து வேம்பு | வெள்ளி, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான், இன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். எந்த இடம், எந்தப் பீடம் என்று சொல்ல மாட்டேன், தயவுசெய்து யாரும் ஊகித்தும் எழுத வேண்டாம். சொந்த ஊர் முல்லைத்தீவுப் பக்கம். இங்கே ஒரு வீட்டில் அறை எடுத்து இன்னொரு பிள்ளையோடு இருக்கிறேன், அவளும் என் பட்ச்தான்.

வந்து மூன்று மாதம். முதல் நாளே பகிடிவதை தொடங்கிவிட்டது, ராகிங்தான். எல்லோருக்கும் கார்ட் வைத்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கார்ட் என்றால் சீனியர் வைக்கிற பட்டப்பெயர். அதற்குப் பிறகு சொந்தப் பெயரை வாயால் சொல்லக்கூடாது. எங்களுக்குள்ளே கூப்பிடுவதும் கார்ட்தான். எனக்கு வைத்ததை இங்கே எழுத முடியாது. வன்னியில் இருந்து வந்ததையும் என் நிறத்தையும் சேர்த்து வைத்தார்கள், அதோடு விடுகிறேன்.

இரண்டு பின்னல், எண்ணெய் வைத்த தலை, சால்வையை இரண்டு தோளிலும் ஊசி குத்திப் போட வேண்டும், பெரிய வழியால் நடக்கக்கூடாது, கன்ரீனில் இருந்து சாப்பிடக்கூடாது. இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை, பள்ளிக்கூடத்திலும் இரண்டு பின்னல்தானே. இரவுதான் பயம். ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணி வரைக்கும் தெரியாத நம்பர்களில் இருந்து போன் வரும். எடுக்காவிட்டால் மறுநாள் கேள்வி. எடுத்தால் அவர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். என்ன சொல்லச் சொல்வார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் அவள் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பாள், வீட்டுக்கார அம்மாவுக்குக் கேட்கக்கூடாதென்று. அந்தச் சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

அவள் முதலில் சாப்பாட்டைக் குறைத்தாள், பிறகு விட்டே விட்டாள். போன கிழமை விரிவுரையில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளுடைய அப்பா வந்து போனைப் பார்த்துவிட்டு நேரே போய் முறைப்பாடு கொடுத்தார். ஐந்து சீனியர்களுக்கு உள்ளே வரத் தடை போட்டிருக்கிறார்கள்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், தடையை எடுக்கும் வரைக்கும் எல்லா வருடமும் விரிவுரைப் புறக்கணிப்பு. எங்கள் பட்சுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எங்களுக்கு எந்தவிதமான பகிடிவதையும் நடைபெறவில்லை, குறித்த மாணவி சுகவீனம் காரணமாகவே மயங்கினார் என்று. கீழே எல்லோருடைய முழுப்பெயர், பதிவிலக்கம், கையெழுத்து. திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டுமாம். பாதிப் பேருக்கு மேல் வைத்தாயிற்று.

மூன்று மாதமாக என் பெயரைச் சொல்ல விடாதவர்கள் இப்போது அதே பெயரை முழுதாக எழுதித் தரச் சொல்கிறார்கள். அதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

என் பெயரைச் சொல்ல மாட்டேன், ஆனால் அதில் ஒரு ழ இருக்கிறது. 2009இல் எனக்கு நான்கு வயது. செட்டிகுளம் முகாமில் பதியும்போது பெயரை ஆங்கிலத்தில் எழுதி, பிறகு அதைப் பார்த்துத் தமிழில் எழுதியபோது ழ போய் ல வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ் எங்கள் வீட்டோடு போய்விட்டது. வீட்டில் ஒரு பெயர், தாளில் ஒரு பெயர். அம்மா ஏறி இறங்காத கந்தோர் இல்லை. நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதுகிற வருடம்தான் அந்த ழ திரும்பி வந்தது. அப்பா வைத்த பெயர். அவருடையது என்று எங்களிடம் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை, ஒரு படம்கூட இல்லை.

கையெழுத்து வைக்கவா, விடவா? வைக்காவிட்டால் நான்கு வருடம் எப்படி இருக்கப்போகிறேன் என்றும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொழும்புத்துறையான் | சனி, காலை 6.15

தங்கச்சி, நான் 90களின் கடைசியில் படித்தவன். எங்கள் காலத்திலும் பகிடி இருந்தது. பாட்டுப் பாடச் சொல்வார்கள், மரத்துக்குக் காதல் கடிதம் வாசிக்கச் சொல்வார்கள். பின்னேரம் அதே அண்ணாமார் திருநெல்வேலிச் சந்தியில் றோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கித் தருவார்கள். 95 இடப்பெயர்வில் புத்தகம் எல்லாம் விட்டுவிட்டு வந்த எங்களுக்கு நோட்ஸ் தந்து படிப்பித்ததும் அவர்கள்தான். இரவு போன், தூசணம் இதெல்லாம் நாங்கள் அறியாதது, அதை ஒருபோதும் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ அந்த பட்சோடுதான் நான்கு வருடம் இருக்க வேண்டும். நோட்ஸ், குழு வேலை, பரீட்சைக் காலத்தில் கூடிப் படிப்பது, எல்லாம் அவர்களோடுதான். ஒதுக்கிவிட்டால் தனியாகத் தாங்குவாயா? ஊரில் அம்மா உன் பட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வைத்துவிட்டுப் படிப்பைப் பார். சொந்த அண்ணன் மாதிரிச் சொல்கிறேன்.

சங்குப்பிட்டி | சனி, காலை 8.40

சட்டத்தரணியாக எழுதுகிறேன். அண்ணன் மாதிரிச் சொன்னவருக்கு மரியாதை, ஆனால் அந்தப் புத்திமதியைக் கேட்க வேண்டாம்.

அந்தத் தாளில் பெயர் வைப்பது சின்ன விசயம் இல்லை பிள்ளை. நாளைக்கு விசாரணைக் குழு கூப்பிட்டு நடந்ததைச் சொல் என்றால், நடக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று அதே தாளை உங்கள் முன்னால் வைப்பார்கள். உங்கள் தோழியின் அப்பா கொடுத்த முறைப்பாட்டைப் பொய்யாக்கத்தான் அதை எழுதியிருக்கிறார்கள்.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் மற்ற வன்செயல்களையும் தடை செய்கிற சட்டம். அதற்கு முந்திய வருடம் பேராதனைப் பொறியியல் பீடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தமிழ் மாணவனைப் பகிடிவதை என்று அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்வித்து, சிறுநீரகம் பழுதாகி அவன் இறந்துபோனான். வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சட்டத்தில் பகிடிவதைக்குக் கொடுத்திருக்கிற பொருள் அகலமானது. ஒரு மாணவருக்கோ ஊழியருக்கோ உடற்காயம், உளக்காயம், மனவேதனை, அச்சம் இவற்றில் எதையாவது உண்டாக்குகிற அல்லது உண்டாக்கக்கூடிய எந்தச் செயலும் பகிடிவதைதான். கை வைத்திருக்கத் தேவையில்லை. இரவு போன் தாராளமாக அதற்குள் வரும். 2 வருடம் வரை கடூழியச் சிறை, அதில் பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ சேர்ந்தால் 10 வருடம் வரை. பயமுறுத்தி ஒரு காரியத்தைச் செய்விப்பது தனிக் குற்றம், அதற்கு 5 வருடம் வரை. ஆகவே கையெழுத்து வைக்காவிட்டால் பார் என்று யாராவது மிரட்டினால் அதையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். பல்கலைக்கழகங்கள் மட்டும் இல்லை, கல்வியியற் கல்லூரி, தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் இதே சட்டம்தான்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, போனில் எதையும் அழிக்காதீர்கள். வந்த அழைப்புகளைத் திகதி, நேரம், நம்பரோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். என்ன சொல்லச் சொன்னார்கள் என்பதையும் அதே சொற்களில் எழுதுங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் கெட்டவார்த்தை சொன்னார்கள் என்று பொதுவாக எழுதினால் விசாரணையில் அது நிற்காது. பல்கலைக்கழக மாணவி என்றால் மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பகிடிவதை முறைப்பாட்டுக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது, அங்கேயும் போடலாம்.

பனையடி | சனி, காலை 11.05

சட்டம் தெரிந்தவர் சட்டம் சொல்லட்டும். எனக்கு இந்த இழையை வாசிக்க நெஞ்சு எரிகிறது. முறைப்பாடு, விசாரணை என்று தொடங்கினால் கடைசியில் போய் நிற்கிற இடம் பொலிஸ். 2016 ஒக்ரோபர் 20 இரவு கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் போன இரண்டு கம்பஸ் பெடியளைச் சுட்டது யார்? முதலில் விபத்து என்றுதானே சொன்னார்கள்? அந்தக் கையிலா எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது?

2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள்ளே முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தபோது வாசலில் போய் நின்றவர்கள் மாணவர்கள். உண்ணாவிரதம் இருந்ததும் அவர்கள்தான். 11ஆம் திகதி வடக்குக் கிழக்கு முழுக்கக் கடை பூட்டிக் கிடந்தது, அன்று விடியவே அதே இடத்தில் திரும்ப அடிக்கல் வைக்க வேண்டி வந்தது. அந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது? சீனியர் ஜூனியர் என்ற கட்டுப்பாட்டில் இருந்து. பிழை செய்தவனை உள்ளுக்குள்ளே கூப்பிட்டு நான்கு அறை அறையுங்கள், அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வையுங்கள். வெளியே கொண்டுபோய் ஐந்து பேரின் வாழ்க்கையை நாசமாக்கினால் அடுத்த முறை வாசலில் நிற்க யார் வருவார்கள்?

முற்றத்து வேம்பு | சனி, பின்னேரம் 3.30

பனையடி அண்ணா, அந்த ஜனவரியில் எனக்குப் பதினைந்து வயது. அம்மாவின் போனில் இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அடுத்த நாள் அடுப்பு மூட்டவில்லை. அப்பாவுக்குக் கல்லறை இல்லை அண்ணா, அம்மம்மாவுக்கும் இல்லை. அந்தத் தூபியில் தெரிந்த கைகளில் ஒன்று அவர்களுடையது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கம்பஸ் போக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது அந்தக் கிழமைதான், அந்தப் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றவர்களைப் பார்த்து. அதில் அக்காமாரும் நின்றார்கள்.

இங்கே வந்த முதல் கிழமை என்னை அந்தக் கார்ட்டைச் சொல்லிக் கூப்பிட்டு, முகாமில் என்ன சாப்பிட்டாய், குளித்தாயா என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் வரிசையில் நின்று வாங்கிய கஞ்சியை நடித்துக் காட்ட வேண்டும். நடித்தேன். அவர்களில் இரண்டு பேர் மே 18க்கு எங்கள் ஊருக்கு வந்து விளக்கு ஏற்றிய படம் போட்டிருக்கிறார்கள். ஏற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த விளக்கு யாருக்காக ஏற்றப்பட்டதோ அவர்களுடைய பிள்ளை நான். நீங்கள் சொல்கிற ஒற்றுமைக்குள் எனக்கு எந்த இடம் அண்ணா? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்கிறேன்.

தாதிமார் வீதி | சனி, மாலை 5.20

மருத்துவர் ஒருத்தி. இரண்டு விசயம்.

ஒன்று, உங்கள் தோழி. மயக்கத்துக்குக் கொண்டுபோனபோது என்ன நடந்தது என்று அங்கே சொன்னீர்களா, அல்லது சாப்பிடவில்லை என்று மட்டும் சொன்னீர்களா? பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். கட்டில் சீட்டில், அதாவது ஆஸ்பத்திரிக் குறிப்பில், எழுதியிருந்தால் அதைவிடப் பலமான சாட்சி இல்லை. எழுதாவிட்டால் இப்போதும் தாமதம் இல்லை, சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டக் கேளுங்கள். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, போன் சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்கிறது என்றால் அவளுக்கும் உங்களுக்கும் உதவி தேவை. 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் கதைப்பார்கள். வேறு பிள்ளைகள் வாசித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன், தோப்புக்கரணம், தண்டால் என்று நூற்றுக்கணக்கில் செய்வித்து அடுத்த நாள் சிறுநீர் வெறும் தேத்தண்ணி நிறத்தில் போனால் ஒரு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். பேராதனையில் போன உயிர் அப்படித்தான் போனது.

இரண்டாவது, பனையடிக்கு. உள்ளுக்குள்ளே வைத்திரு, வெளியே சொன்னால் இனத்துக்குக் கேடு என்ற கதையை யாழ்ப்பாணத்தில் நாங்கள் நெடுநாளாகக் கேட்டு வளர்ந்தோம். 1989 செப்டம்பர் 21 பின்னேரம், மருத்துவபீட உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திரணகம பரீட்சை வேலை முடித்துச் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 35 வயது, இரண்டு பெண்பிள்ளைகள். இந்திய இராணுவம் செய்ததையும் எழுதினார், எங்கள் பக்கத்து ஆயுதக்காரர் செய்ததையும் எழுதினார். அவருடைய பெயரைச் சத்தமாகச் சொல்லவே எனக்குப் பல வருடம் எடுத்தது. இந்தப் பிள்ளை ஒரு போன் அழைப்பைப் பற்றிப் பேசுகிறது. அதைக்கூட வெளியே சொல்லாதே என்றால் எதைத்தான் சொல்லலாம்?

கிளுவை வேலி | சனி, இரவு 11.45

இதை எழுதுவதா வேண்டாமா என்று பின்னேரத்தில் இருந்து யோசிக்கிறேன். நான் போன் எடுத்தவள்.

போன வருடம்தான் படிப்பை முடித்தேன். பெண்பிள்ளைகளுக்கு நாங்கள்தான் எடுப்போம், அண்ணாமார் பக்கத்தில் இருந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முதல் வருடம் எனக்குச் செய்ததை இரண்டாம் வருடம் நான் செய்தேன், செய்யாவிட்டால் என்னை பட்ச் பிட் இல்லை, பட்சோடு சேராதவள் என்பார்கள் என்ற பயம். ஒரு பிள்ளை நாங்கள் சொல்லச் சொன்னதை முழுக்கச் சொல்லிவிட்டு, "அக்கா, நான் இனிப் படுக்கலாமா?" என்று கேட்டாள். அவ்வளவு மரியாதையாகக் கேட்டாள். நான் இன்னும் ஒருக்கால் சொல் என்றேன். இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், பிள்ளைகள் அக்கா என்று கூப்பிட்டால்கூட எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும்.

தங்கச்சி, இப்படி ஒரு கடிதம் எங்கள் காலத்திலும் வந்தது. அதை எழுதியதில் என் கையும் இருந்தது. மூன்று பேர் வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். ஒதுக்கினோம், வட்ஸ்அப் குழுவில் இருந்து எடுத்தோம், பக்கத்தில் இருக்க மாட்டோம். முதல் செமஸ்டர் பரீட்சை வந்ததும் அந்த மூன்று பேரில் ஒருத்தியின் நோட்ஸைத்தான் பாதி பட்சும் போட்டோக்கொப்பி எடுத்தது. ஒதுக்கல் அதற்கு மேல் நிற்கவில்லை. கொழும்புத்துறை அண்ணா சொல்கிற பயம் உண்மைதான், ஆனால் அது நான்கு வருடப் பயம் இல்லை. நான்கைந்து மாதம். அந்த நான்கைந்து மாதம் கொடுமையாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

தாவடி அம்மா | ஞாயிறு, காலை 7.10

எனக்கு இப்படி எழுதிப் பழக்கம் இல்லை, மகள் தட்டித் தருகிறாள். என் மகனுக்கும் இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படித் தடை வந்தது, யாழ்ப்பாணத்தில் இல்லை, வேறு மாவட்டத்தில். நானும் முறைப்பாடு கொடுத்த பெட்டையைத் திட்டினேன். பிறகு விசாரணையில் என்னையும் வைத்துக்கொண்டு குரல் பதிவைப் போட்டார்கள். எத்தனை பேர் கதைத்தாலும் பெற்றவளுக்குப் பிள்ளையின் குரல் தெரியாதா? அந்தச் சொல்லெல்லாம் என் வீட்டில் யாரும் கதைத்ததில்லை.

ஒரு வருடம் வீட்டில் இருந்தான். தகப்பனோடு தோட்டத்துக்குப் போய் வெங்காயம் நட்டான், தண்ணி இறைத்தான். பிறகு திரும்பப் போய்ப் படித்து முடித்தான். அந்தத் தம்பி வாழ்க்கை நாசமாகும் என்று எழுதியிருக்கிறார், நாசமாகவில்லை. அந்தப் பிள்ளை சொல்லாமல் விட்டிருந்தால் இவன் அடுத்த வருடமும் செய்திருப்பான். நீ பயப்படாதே பிள்ளை.

முற்றத்து வேம்பு | ஞாயிறு, இரவு 8.25

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். கிளுவை வேலி அக்கா, உங்களுக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை, ஆனால் வாசித்தேன்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நூலகத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் சைக்கிளின் இரண்டு சில்லிலும் காற்று இல்லை. வால்க்கட்டை இரண்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சீற்றில் ஒரு துண்டுத் தாள், அதில் என் கார்ட், அதற்குக் கீழே நாளைக்கு என்று மட்டும். சங்குப்பிட்டி அண்ணா சொன்ன மாதிரி அதைப் படம் எடுத்து கொப்பியில் நேரமும் எழுதினேன். பிறகு உருட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை, சந்தியில் ஒரு சைக்கிள் கடைதான் பாதிக் கதவு திறந்திருந்தது. அங்கே ஒரு வயதான ஐயா. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பால்மாத் தகரத்துக்குள் இருந்து வால்க்கட்டை இரண்டு எடுத்து, சிவப்பு ரப்பர்க் குழாயில் சின்னத் துண்டு வெட்டி, எச்சில் தொட்டு மெல்லமாகச் செருகி, காற்று அடித்து, விரலில் துப்பலைத் தொட்டு வால்க்கட்டையின் வாயில் வைத்துப் பார்த்தார், குமிழி வருகிறதா என்று. பிறகுதான் கேட்டார், பிள்ளைக்குப் பெயர் என்ன என்று.

எனக்கு வாயில் கார்ட்தான் வந்தது. மூன்று மாதப் பழக்கம். அந்த முதல் எழுத்து நாக்கில் வந்துவிட்டது. நிறுத்திவிட்டு என் பெயரைச் சொன்னேன். குரல் சரியாக வரவில்லை, ஐயா கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, "என்ன பிள்ளை?" என்றார். இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். நல்ல பெயர் என்றார், காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அறைக்கு வந்து அம்மாவுக்கு எடுத்து எல்லாம் சொன்னேன். இவ்வளவு நாளும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கனநேரம் பேசவில்லை, நான் லைன் வெட்டுப்பட்டது என்று நினைத்தேன். பிறகு, "அந்த எழுத்துக்காக நான் எத்தனை தரம் பஸ் ஏறினேன் தெரியுமா?" என்றா. வை என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. விடிய வெள்ளனச் சாப்பிட்டுவிட்டுப் போ என்றா.

சங்குப்பிட்டி | ஞாயிறு, இரவு 9.10

அந்தத் துண்டுத் தாளைப் பத்திரமாக வையுங்கள், படம் மட்டும் போதாது. கையெழுத்து வைக்காமல் விடுவதோடு நிறுத்த வேண்டாம். உங்களுக்கு நடந்ததை உங்கள் பெயரில் தனியாக எழுதுங்கள், தோழிக்கு நடந்ததில் நீங்கள் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள், ஊகம் ஒன்றும் வேண்டாம். இரண்டு பிரதி. கொடுக்கும்போது ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள், பட்சில் வைக்காமல் இருப்பவர்கள் யார் என்று இன்றிரவே கேளுங்கள். உங்களைப் போலப் போர்வைக்குள் முழித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் கட்டாயம் இருக்கும்.

பனையடி | ஞாயிறு, இரவு 10.30

தங்கச்சி, உன் கேள்விக்கு நேற்று பதில் எழுதவில்லை, எழுதத் தெரியவில்லை. முகாமில் வாங்கின கஞ்சியை நடிக்க வைத்தார்கள் என்றதை வாசித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொலிஸ் விசயத்தில் நான் சொன்னதில் இருந்து மாறவில்லை, அது வேறு கதை. ஆனால் அந்தக் கடிதத்தில் நீ பெயர் வைக்க வேண்டும் என்று இனிச் சொல்ல மாட்டேன்.

முற்றத்து வேம்பு | திங்கள், மாலை 6.40

கொடுத்துவிட்டேன்.

இரவு பதினொரு மணிக்கு பட்சில் நான்கு பேருக்குத் தனித்தனியாகச் செய்தி போட்டேன். இரண்டு பேர் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. ஒருத்தி உடனே எடுத்து அழுதாள், அவளுக்கும் எட்டுக் கிழமையாக வருகிறது, எனக்குத் தெரியாது. அவள் இன்னொருத்தியைச் சொல்ல, அவள் இரண்டு பெடியளைச் சொல்ல, காலையில் பார்த்தால் ஆறு பேர். அதில் ஒருவன் வெள்ளிக்கிழமையே அந்தக் கடிதத்தில் வைத்தவன். பயத்தில் வைத்தேன் என்று அதையும் சேர்த்து எழுதியிருக்கிறான்.

வாசலில் கனபேர் நின்றார்கள். பெரிய வழியால்தான் போனோம், மற்ற வழி பூட்டியிருந்தது. என் கார்ட்டைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், பின்னுக்கிருந்து யாரோ விசில் அடித்தார்கள். எனக்குக் கால் நடுங்கியது, பக்கத்தில் வந்தவளுடைய கையைப் பிடித்தேன், அவளுடைய கை என்னுடையதைவிடக் குளிராக இருந்தது. அப்படியே நடந்தோம்.

மாணவ ஆலோசகர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கடிதத்தை ஆறுதலாக வாசித்தார், இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவுப் புத்தகத்தை இழுத்துப் பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுதினார். நான் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், ல போட்டார்.

"சேர், அது ழ" என்றேன். வெட்டிவிட்டுத் திருத்தி எழுதினார். இரண்டாம் பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கொழும்புத்துறையான் | திங்கள், இரவு 7.55

தங்கச்சி, நான் பிழையான புத்திமதி சொன்னேன். என் மகளுக்கு அடுத்த வருடம் உயர்தரம். நேற்று இந்த இழையை அவளுக்கு வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "அப்பா, எனக்கென்றாலும் வை என்றுதான் சொல்வீர்களா?" என்று கேட்டாள். உங்கள் ஆறு பேருக்கும் நோட்ஸ், புத்தகம், போட்டோக்கொப்பிச் செலவு எது தேவை என்றாலும் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள்.

தாதிமார் வீதி | திங்கள், இரவு 9.00

இன்றைக்கு நித்திரை வராமல் இருக்கலாம், அது இயல்பு. போனை அணைத்துவிட்டு வேறு அறையில் வையுங்கள். தோழி எப்படி இருக்கிறாள்?

முற்றத்து வேம்பு | வியாழன், மாலை 4.50

பதில் போடப் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். புறக்கணிப்பு இன்னும் முடியவில்லை, விரிவுரை இல்லை. விசாரணைக் குழு அடுத்த கிழமை எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. பட்ச் குழுவில் இருந்து எங்கள் ஆறு பேரையும் எடுத்துவிட்டார்கள். நாங்கள் ஒரு குழு தொடங்கினோம், நேற்று இன்னும் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். இரவு போன் திங்கட்கிழமையில் இருந்து எங்களில் ஒருவருக்கும் வரவில்லை, மற்றவர்களுக்கு வருகிறதா என்று தெரியாது. கன்ரீனில் இன்றைக்கு நாங்கள் போய் இருந்ததும் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள். கிளுவை வேலி அக்கா சொன்ன மாதிரிக் கொடுமையாகத்தான் இருக்கிறது. நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்து ஊருக்குப் போயிருந்தாள். இனி வரமாட்டாள் என்றுதான் அவளுடைய அம்மா சொன்னா. நேற்றிரவு அவளே எடுத்து, தன் கட்டிலில் யாரையும் விட்டுவிட்டேனா என்று கேட்டாள். இல்லை, உன் தலையணைகூட அப்படியே கிடக்கிறது என்றேன். ஐந்தரை பஸ்ஸில் வருகிறாள், தகப்பனும் கூட வருகிறார். போர்வையைத் தோய்த்துக் காயப் போட்டிருக்கிறேன், சைக்கிளுக்கும் காற்று அடித்துவிட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.